விளக்கடியில் கிடந்த சென்சார்

அண்ணன் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்த்தான். பகல் முழுக்க மற்றவர்கள் வீட்டை எல்லாம் குளிராக்கிவிட்டு, சாயங்காலம் பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஓர் ஆமையைச் சூடாக வைத்துக்கொள்ளப் பாடுபடுவான். அம்மாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"ஊருக்கெல்லாம் குளிர் குடுக்கிறவன், இங்க வந்து ஆமைக்கு அடுப்பு மூட்டுறான் பாரு."

"அதுக்கு உடம்பு தானா சூடாகாதும்மா. சுத்தி என்ன சூடு இருக்கோ அதுதான் அதுக்கு. நாமதான் குடுக்கணும்."

"எனக்கும்தான் காலு ஜில்லுன்னு இருக்கு. எனக்கு ஒரு பல்பு மாட்டு."

"நீ தொட்டிக்குள்ள வந்து உக்காரு, மாட்டுறேன்."

அவனுக்கு உண்மையில் ஆசை பெரிய பல்லி, பாம்பு மேல்தான். இந்த ஊரில் அதெல்லாம் வீட்டில் வைக்க விடமாட்டார்கள். இந்த ஆமை காதுப் பக்கம் சிவப்புக் கோடு போட்ட வகை, அதற்குத் தடை இல்லை. ஒரு காண்டோ அடுக்குமாடியில் ஏர்கான் கழுவப் போனபோது, ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வீட்டுக்காரர் கண்ணாடித் தொட்டியோடு அதை இவன் கையில் கொடுத்துவிட்டார். கம்பெனி வேனில் முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, கூட்டிக்கொண்டு வந்தான்.

அம்மா மூன்று நாள் அந்த அறைக்குள் போகவில்லை. ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்று நம் ஆட்கள் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலாம் நாள் அம்மாவே கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் போட்டார்.

ஒரு நாள் நான் அவனிடம் கேட்டேன், "இந்த ஊர் சூட்டுக்கு ஆமை சும்மாவே நல்லா இருக்கும்ல? நீ ஏர்கானை நிறுத்திட்டா இந்த பல்பு, பெட்டி எதுவுமே வேணாமே."

"மொட்டை மாடியில வெயில்ல காயுறது நானா அதுவா? எனக்கு இருபது டிகிரி வேணும் லா. இருபது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. எனக்கு இருபது, அதுக்கு இருபத்தெட்டு. ஒரே ரூம்ல ரெண்டும் வேணும்னா பெட்டி வேணும்."

பெட்டி என்று அவன் சொன்னது தெர்மோஸ்டாட்டை. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி, நடுவில் சிவப்பில் எண் எரியும். தொட்டியில் பாதிக்குத் தண்ணீர், ஓரத்தில் ஆமை ஏறி உட்கார ஒரு செங்கல், அதற்கு மேலே வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற ஒரு பல்பு. ஆமை தலையை நீட்டிச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று பல்பைச் சுற்றிக் கம்பி வலை. குளிர்காற்று உள்ளே இறங்காதபடி மேலே பலகை மூடி. பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வயர் தொட்டிக்குள் போகும். அதன் நுனியில் நகம் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு, அதுதான் சென்சார். செங்கல் சூடு இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு பல்பைப் போடும். ஏறினால் இன்னொரு 'டக்', பல்பு அணையும். பெட்டி மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தான்: '28. தொடாதே பாப்பா.' பாப்பா என்றால் நான்தான். இருபத்தொரு வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

தொட்டி கழுவும் நாளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். முதலில் பிளக்கைப் பிடுங்கு. வயர் பிளக்குக்கு வரும் முன்னால் கொஞ்சம் கீழே தொங்கி ஏறட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அது வழியாகவே சாக்கெட்டுக்குள் போகும். சென்சாரை டேப் போட்டு ஒட்டாதே, ஈரத்தில் விட்டுவிடும், பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுச் செங்கல்லோடு கட்டு.

"சென்சார் எங்க கிடக்கோ அந்த இடத்தைத்தான் பெட்டி பாக்கும் பாப்பா. மத்த இடம் ஐஸா இருந்தாலும் தெரியாது, எரிஞ்சாலும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு விரலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்னு வெச்சுக்க. அதான் இன்னொரு தெர்மாமீட்டர் தண்ணியில போட்டிருக்கேன். பெட்டி பொய் சொன்னா அது சொல்லிக் குடுத்துடும்."

"ம்."

"என்ன ம்? நான் என்ன சொன்னேன் சொல்லு."

"விரலு."

"விரலு. நல்லா வருவ நீ."

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செகண்டரி டூவோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாராவது எதையாவது விளக்கிச் சொல்ல ஆரம்பித்தாலே காது தானாக மூடிக்கொள்ளும். அவன் சொன்னது எல்லாம் இப்போது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. தேவைப்பட்ட நாளில் இல்லை.

அண்ணன் போனது ஒரு வியாழக்கிழமை காலை. மழை. முதல் வேலைக்குப் போகிற வழியில், எக்ஸ்பிரஸ்வேயில், பைக் வழுக்கிவிட்டது. லிட்டில் இந்தியாவில் ஒரு போன் கடையில் நான் வேலை செய்கிறேன், சிம் கார்டு, சார்ஜர், டாப் அப். ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், அம்மா போன் செய்தார். போனில் மூச்சு மட்டும் கேட்டது. ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக்குப் போனேன். அன்றைக்குக் காலையில் அவசரத்தில் ஏர்கானை நிறுத்தாமலேயே போயிருந்தான். ரிமோட் தலையணைக்கு அடியில் இருந்தது. அதில் இருபது. அவன் விரல் கடைசியாக வைத்த எண். போர்வைக்குள் நுழைந்து படுத்தேன். அவன் சவர்க்காரம், வேலைச் சட்டையின் வியர்வை, கொஞ்சம் ஆமைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்த அந்த வாசனை குளிரில் அப்படியே நின்றது. கதவைத் திறந்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. 'டக்' என்றது பெட்டி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. அவன் அறையில் யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஏர்கானை நிறுத்த நான் யாரையும் விடவில்லை.

பதினாறு நாளும் விளக்கு அணையக் கூடாது என்று பெரியம்மா சொன்னார். பெரியம்மா அம்மாவின் அக்கா, பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அண்ணன் படத்தை அவன் அறையில், ஆமைத் தொட்டி இருக்கிற அதே நீள அலமாரி மேல் வைத்தோம். விளக்கு ஏற்றினால் ஏர்கான் காற்றில் அணைந்து அணைந்து போனது.

"அந்த ஏர்கானை நிறுத்தேன் பாப்பா," என்றார் அம்மா.

"வேணாம்மா. அது இருக்கட்டும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். படத்தையும் விளக்கையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கடைசியில் தொட்டிக்குப் பின்பக்கம், கண்ணாடி மறைவில் வைத்தார். அங்கே காற்று படவில்லை. சுடர் நிமிர்ந்து நின்றது.

நாலாம் நாள் தண்ணீர் நாறியது. அவன் இருந்தால் அன்றைக்குத்தான் கழுவுவான். நானே கழுவினேன். பிளக்கைப் பிடுங்கினேன், அது மட்டும் ஞாபகம் இருந்தது. கேபிள் டையை வெட்டி, சென்சாரை எடுத்து வெளியே போட்டேன். செங்கல்லைத் தேய்த்தேன். தண்ணீர் மாற்றினேன். ஆமையை உள்ளே விட்டேன். அழுதுகொண்டே செய்ததால் எந்த வரிசையில் என்ன செய்தேன் என்று தெரியாது. பிளக்கைத் திரும்பப் போட்டபோது பெட்டியில் எண் வந்தது. நல்லபடியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு 'டக்' கேட்கவில்லை. படுத்துக் காத்திருப்பேன். வராது. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தால் முப்பத்து மூன்று என்று இருக்கும். இருபத்தெட்டுக்கு மேல், அப்படியென்றால் ஆமை நல்ல சூட்டில் இருக்கிறது, பல்புக்கு வேலை இல்லை. எனக்கு அவ்வளவுதான் ஓடியது. அறையில் நானே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருக்கிறேனே, முப்பத்து மூன்று எங்கிருந்து வரும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் வாக்கில் ஆமை சாப்பிடுவதை நிறுத்தியது. நான் போட்ட கீரை அப்படியே மிதந்தது. பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அம்மாவிடம் போனார். சமையலறையில் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன்டி. அது வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. பிள்ளையைக் கொண்டுபோயிருச்சு."

அம்மா தட்டு கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

"பதினாறுக்கு முன்னாடி அதை எங்கயாவது விட்டுடு. எங்க வீட்டுப் பக்கம் பார்க்ல ஆறு ஓடுது. நானே கொண்டுபோய் விடுறேன்."

நான் உள்ளே போனேன். "ஆத்துல விட்டா ஃபைன் போடுவாங்க பெரியம்மா. அதுவும் செத்துப்போயிரும்."

"ஏன், நம்ம பிள்ளையை விட அது ஒசத்தியா?"

"அது அண்ணனோடது."

"அதனாலதான்டி சொல்றேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "பதினாறு முடியட்டும்க்கா. பாக்கலாம்," என்றார். பாக்கலாம் என்று அம்மா சொன்னால் பாதி சம்மதம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மூக்கில் குமிழ். வாயைத் திறந்து திறந்து மூடியது. துண்டில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டாக்ஸியில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயது சீனப் பெண். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார். ஊசி போட்டார். வீட்டில் சூடு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முப்பத்து மூன்று, டாக்டர், என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்குக்கூட இவ்வளவு உறுதியாக நான் பதில் சொன்னதில்லை.

அவர் ஆமையின் அடிவயிற்று ஓட்டை உள்ளங்கையால் தொட்டார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தொட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆகியும், கழுவி வைத்த கல் மாதிரி சில்லென்று இருந்தது.

சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

செங்கல்லில், என்று வாய் திறந்தேன். செங்கல்லில் நான் கட்டின ஞாபகம் வரவில்லை. வெட்டின ஞாபகம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வயர் அலமாரி மேல் வளைந்து கிடந்தது. அதன் நுனி அண்ணன் படத்துக்கு முன்னால், விளக்கின் அடித்தட்டில் சாய்ந்திருந்தது. எட்டு நாளாக அந்த ஒரு விரல் விளக்குச் சூட்டைத் தொட்டுக்கொண்டு, இங்கே நல்ல சூடு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பெட்டிக்குச் சொல்லியிருக்கிறது. பல்பு ஒரு நிமிஷம்கூட எரியவில்லை. சுடர்ப் பக்கம் வயரின் கறுப்புத் தோல் இளகி, கோணி நின்றது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் படம், அலமாரி, எல்லாமே பற்றியிருக்கும். தண்ணீருக்குள் அண்ணன் போட்டுவைத்த தெர்மாமீட்டரை எடுத்துப் பாசியைத் துடைத்தேன். இருபது. அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, டாக்டர் என்ன சொன்னாங்க?" அம்மா பின்னால் வந்து நின்றார்.

சொன்னேன். கழுவியபோது சென்சாரை வெளியே போட்டவள் நான் என்பதையும் சொன்னேன். அம்மா வயரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விளக்கைத் தொட்டுட்டு ரூமே சூடா இருக்குன்னு நெனச்சிருச்சா?"

"ஆமாம்மா. பெட்டிக்கு மூளை இல்ல லா."

"நமக்கு இருந்துச்சாக்கும்," என்றார். சிரித்த மாதிரிதான் ஆரம்பித்தார். அப்புறம் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குன்னு ஏத்துனேன்டி," என்று உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவுக்குள் ஆமை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். குணமாகிற வரை ஏர்கான் போட்ட அறையே கூடாது. தண்ணீர் சூடாக இருந்தாலும், குளிர்காற்றை மூச்சு இழுத்தால் சளி போகாது. தொட்டியை ஹாலுக்கு மாற்றலாம்தான். ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்கள் கண் முன்னால் ஓர் ஆமையை வைக்க அம்மாவால் முடியாது. பெரியம்மா விடவும் மாட்டார்.

நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். இருபது. பன்னிரண்டு நாளாக யாரும் தொடாத எண். இதை நிறுத்தினால் இந்தக் குளிர் போகும், வாசனை போகும். நான் வைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். டப்பாவைப் பார்த்தேன். ஆமை கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது.

நிறுத்தினேன். ஏர்கானின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. ஜன்னலைத் திறந்தேன். கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம், யார் வீட்டிலோ மிளகாய்ச் சம்பல் வறுக்கிற நெடி, வெயில், எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. அரை மணி நேரத்தில் அது எந்த வீட்டிலும் இருக்கிற ஓர் அறை ஆகிவிட்டது. போர்வையை முகத்தில் வைத்து முகர்ந்தேன். அதையாவது மடித்து ஒரு பையில் கட்டி வைக்கலாம் என்று கட்டினேன்.

அம்மா அந்த விளக்கிலிருந்தே இன்னொரு விளக்கைக் கொளுத்தி ஹாலுக்குக் கொண்டுபோனார். படமும் ஹாலுக்குப் போனது. பெரியம்மா ஏன் என்று கேட்டதற்கு, "இங்கதான் இடம் இருக்குக்கா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மதிய சாப்பாட்டு நேரத்தில், கடையிலிருந்து ஜாலான் புசாருக்கு நடந்தேன். அங்கே எலக்ட்ரிக் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. கோணிப்போன வயரை ஒரு சீன அங்கிளிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியோடு புதிதாக வாங்கிக்கொள், பழசு எதற்கு என்றார்.

"நோ அங்கிள். வயர் மட்டும். பெட்டி வேணும், பழைய பெட்டிதான் வேணும்."

தமிழில் சொல்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அவர் உள்ளே போய் ஏழெட்டு டப்பாவைக் கவிழ்த்து, முனை பொருந்துகிற ஒரு வயரைத் தேடி எடுத்து வந்தார்.

சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சென்சாரைச் செங்கல்லோடு வைத்து ஒரு கேபிள் டை போட்டேன். போதாது என்று இன்னொன்று போட்டேன். இழுத்துப் பார்த்தேன். வயரைக் கீழே தொங்கவிட்டு ஏற்றினேன். தெர்மாமீட்டரைக் கழுவி, எழுந்ததும் கண்ணில் படுகிற பக்கம் வைத்தேன். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். அவன் கேட்டிருந்தால் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து போனபின், பெரியம்மா பையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னடி, அந்த ஆமை?"

அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அது ஒண்ணும் பண்ணலக்கா. நாங்கதான் ரெண்டு பேரும் சேந்து அதைக் கொல்லப் பாத்தோம். அது இங்கயே இருக்கட்டும்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

ஊசிக்காக இன்னும் ஆறு தடவை டாக்டரிடம் போனோம். ஆமை நிமிர்ந்து நீந்தியது. அப்புறம் கீரையைக் கடித்தது. அம்மாவின் விரலையும் சேர்த்துக் கடிக்கப் பார்த்தபோது அம்மா திட்டினார், நல்ல சத்தமாக. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சத்தமான பேச்சு அதுதான்.

ஆனால் ஏர்கான் இல்லாத அறையில் பெட்டிக்கு வேலை இல்லை. எண் இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. தண்ணீரில் இருக்கிற தெர்மாமீட்டரும் அதையேதான் சொன்னது. இந்த தடவை அது நிஜம். சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கோ காது பெட்டியிலேயே இருக்கும். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, வேலைக்குக் கிளம்பும்போது. 'டக்' வராது. அந்தச் சத்தம் வேண்டுமென்றால் ரிமோட்டை எடுத்து இருபதில் வைத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எத்தனையோ தடவை ரிமோட் கைக்கு வந்தது. அழுத்தவில்லை. இருபத்தெட்டை முப்பத்தைந்து ஆக்கினாலும் சத்தம் வரும். டேப்பில் தொடாதே என்று எழுதியிருக்கிறான்.

ஜூலையில் அவன் போனான். வருஷக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவே இல்லை. கடைக்கு லீவு அன்று. ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து, அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். காற்று ஈரமாக, குளிராக வந்தது. ஆமை செங்கல் மேல் ஏறி, காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

டக்.

ஊசியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் இருபத்தேழு. யாரும் எதையும் தொடவில்லை. வானமே அறையைக் குளிராக்கியிருந்தது. கம்பி வலைக்குள் பல்பு மெதுவாகச் சுட ஆரம்பித்தது.

சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"பெட்டிதாம்மா. குளிருதுல்ல."

அம்மா உள்ளே வந்து கட்டிலின் மறு ஓரத்தில், அண்ணன் தலை வைத்துப் படுக்கிற பக்கம் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொரு தடவை அடிக்குமா?"

"அடிக்கும். இருபத்தெட்டுக்கு மேல போனதும் அடிக்கும்."

"அடுப்புல சாதம் இருக்கு," என்றார் அம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை.